பால் பத்தலை என்று சொல்லுமுன்

எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் ஃபிரிஸ்கோவிலும் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க வந்திருக்கும் அம்மாக்களுக்கு,



உங்கள் பெட்டியில் என்னென்ன வந்திருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பிரசவ லேகியம், அங்காயப் பொடி, சுக்கு, வெந்தயம், பூண்டு ஊறுகாய், வசம்பு, உரைமருந்துச் சாமான், பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்த துணிகள். இவற்றையெல்லாம்விட இந்த வீட்டுக்குத் தேவைப்படுவது உங்கள் கைகள்தான். சுகப்பிரசவம் என்றால் அமெரிக்க மருத்துவமனை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன்பிறகு அந்த அபார்ட்மென்ட்டில் இருப்பது, அதுவரை ஒரு கைக்குழந்தையைத் தூக்கியே பார்த்திராத இரண்டு பேர். நீங்கள் வராவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நான் மருத்துவர் இல்லை. மத்திய நியூ ஜெர்சியில் பிள்ளைகளை வளர்த்தவள். புதிதாகப் பெற்ற பெண்கள் ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கூப்பிடும் அக்காக்களில் ஒருத்தி. அந்த அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே வாக்கியத்தில்தான் வந்து நிற்கும். "அம்மா பால் பத்தலைன்னு சொல்றாங்க, அக்கா." சில வீட்டில் அம்மா, சில வீட்டில் அத்தை. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அது எப்போது சொல்லப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். குழந்தை மார்பில் வாய் வைக்கிறது. கொஞ்ச நேரம் நன்றாகச் சப்புகிறது. திடீரென்று மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கிறது. புரையேறி இருமுகிறது. முதுகை வளைத்து, மார்பை உதறிவிட்டு, முகம் சிவக்க வீறிடுகிறது. மறுபடி வைத்தால் ஈறால் காம்பை இறுக்கிப் பிடிக்கிறது. ஒருவழியாகக் குடித்து முடித்தால் தோளில் கக்குகிறது. ஒரு மணி நேரம் போவதற்குள் திரும்ப அழுகை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனதில் எழும் கேள்வி நியாயமானது: பால் இருந்தால் ஏன் அழ வேண்டும்?

பால் அளவுக்கு மீறி, வேகமாக வந்தாலும் குழந்தை அழும். அதுவும் இதே மாதிரிதான் அழும்.

நடப்பது இதுதான். குழந்தை சப்பத் தொடங்கியதும் காம்பின் நரம்புகள் வழியே மூளைக்குச் சேதி போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. மார்பில் பால் ஊறும் நுண்ணிய பைகளைச் சுற்றியுள்ள தசைகள் அதனால் சுருங்கி, பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகின்றன. சிலருக்கு அப்போது சுருக்கென்று குத்தும்; மறு மார்பிலும் பால் தானாகச் சொட்டும். ஒருவேளைப் பாலூட்டலுக்குள் இந்தத் தள்ளல் பலமுறை வரும். பெரும்பாலும் முதல் தள்ளல்தான் பலமானது. பால் நிறைய ஊறும் தாய்க்கு அது பீய்ச்சியடிக்கும். சப்பி, விழுங்கி, மூச்சுவிட்டு, மறுபடி சப்ப வேண்டும் என்ற தாளத்தை அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும் மூன்று வாரக் குழந்தைக்கு, முழு வேகத்தில் திறந்துவிட்ட தெருக்குழாயில் வாய் வைத்தது போலாகிவிடுகிறது. மூச்சுவிட இடமில்லாமல் அது விலகிக்கொள்கிறது. காம்பைக் கடித்துப் பிடிப்பதும் வரத்தை மட்டுப்படுத்த அது தானே கண்டுபிடித்த வழி.

ஆகவே அழுகையை வைத்து மட்டும் பால் போதுமா போதாதா என்று தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க வேறு சாட்சிகள் இருக்கின்றன. முதல் சாட்சி டயப்பர். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாக நனைந்தால் உள்ளே போதுமான பால் போகிறது. இரண்டாவது சாட்சி எடை. பிறந்ததும் கொஞ்சம் குறையும் எடை, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது வழக்கம். பால் வேகமாக வரும் வீட்டுக் குழந்தைகள் பல நேரம் இதைவிட வேகமாக ஏறும். இங்கே குழந்தை மருத்துவர் ஒவ்வொரு முறையும் எடை போட்டு வளர்ச்சிக் கோட்டில் குறித்து வைப்பார். பவுண்டு, அவுன்ஸ் கணக்கு பிடிபடவில்லை என்றால் மகளிடம் கிராமில் கேளுங்கள். மூன்றாவது சாட்சி தாயின் உடம்பு: எப்போதும் கனத்திருக்கும் மார்பு, நனைந்துகொண்டே இருக்கும் ரவிக்கை, அடிக்கடி பால் கட்டிக்கொள்வது. இத்தனையும் இருந்து குழந்தை மார்பில் அழுதால், அந்த வீட்டில் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதும் உதவாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜாக்குலின் கென்ட்டும் பீட்டர் ஹார்ட்மனும் சேர்ந்த குழு, ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 71 குழந்தைகள் ஒரு நாளில் குடித்ததை அளந்து 2006-இல் வெளியிட்டது. சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தை குடித்தது 478, இன்னொன்று குடித்தது 1,356. அந்தக் குழந்தைகள் மார்பில் இருந்த பாலில் சராசரியாக 67 சதவீதத்தையே எடுத்துக்கொண்டன என்பதும் தெரியவந்தது. மிச்சம் இருப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் குழந்தை குடித்த பிறகு, "மீதியையும் எடுத்துடும்மா" என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படிச் சொல்வது வினையாக முடிவதும் உண்டு. பிரசவமான முதல் நாட்களில் பாலை ஹார்மோன்கள் ஊறவைக்கின்றன. அதன்பின் கணக்கு மார்பின் கைக்கு மாறுகிறது: எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும், தங்கிவிட்டால் ஊறுவது மெதுவாகும். வீட்டில் இருப்பது ஒரு குழந்தை, ஆனால் இரண்டு குழந்தைக்கான பால் வெளியேறுகிறது என்றால், உடம்பு இரட்டைப் பிள்ளைக்குத்தான் தயாராகும். பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில், சிலருக்கு மூன்று மாதத்தில் இந்தக் கணக்கு தானாகச் சீராகும். சீராக விடாமல் நாம்தான் மேலும் மேலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பயனாக, இப்போது பெரும்பாலான காப்பீடுகள் பால் எடுக்கும் பம்ப்புக்குப் பணம் கொடுத்துவிடுகின்றன. பிரசவத்துக்கு முன்பே பெட்டி வாசலுக்கு வந்துவிடும். கையில் இருக்கும் இயந்திரம் சும்மா இருக்காது. அதன்மேல் வேலைக்குத் திரும்பும் பயம். நாடு முழுவதற்குமான சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்புச் சட்டம் இங்கே கிடையாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம் வேலையைக் காப்பாற்றித் தருகிறது, சம்பளம் தராது. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் தங்கள் மாநில நிதியிலிருந்து, பிரசவத்தில் உடம்பு தேறும் காலத்துக்கு மேல், குழந்தையோடு இருப்பதற்காக முறையே 8 வாரமும் 12 வாரமும் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. டெக்ஸஸில் அப்படிப்பட்ட மாநிலத் திட்டம் எதுவும் இல்லை. ஃபிரிஸ்கோவில் ஐடி வேலை பார்க்கும் பெண் ஃப்ரீஸரில் பால் பைகளை அடுக்குவது பேராசையால் அன்று. நாள்காட்டியைப் பார்த்து வந்த பயத்தால். அந்தப் பயத்தில் அவள் பிரசவமான முதல் வாரத்திலிருந்தே பம்ப் வைக்கத் தொடங்குகிறாள். கூடவே உங்கள் பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, இங்கேயே கடையில் வாங்கிய வெந்தய மாத்திரை, சதாவரிப் பொடி. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுகின்றன.

பூண்டை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டில் வழக்கமாகப் போடுகிற பூண்டு இருக்கட்டும். நியூ ஜெர்சிக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லாவும் கேரி பீச்சமும் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாய் பூண்டு சாப்பிட்ட சில மணி நேரத்தில் பாலில் அந்த வாசனை ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பூண்டு பாலைப் பெருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நம் சமையலின் வாசனை குழந்தைக்குப் பிடித்திருக்கிறது என்பதுவரைதான் சொல்கிறது. அவள் பசிக்குச் சமைத்துப் போடுங்கள். பால் சுரக்க வைப்பதற்காகவே கொடுக்கும் மருந்தையும் மாத்திரையையும் களியையும் மட்டும், பால் பீய்ச்சியடிக்கிற வீட்டில் ஓரமாக வையுங்கள். பால் சுறாப் புட்டு ஆசை இருந்தால் அதையும் இங்கே விட்டுவிடுங்கள்: பாதரசம் அதிகம் என்பதால், பாலூட்டும் பெண்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் ஒன்றாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது.

அடுத்தது மலம். வேகமாகவும் நிறையவும் குடிக்கிற குழந்தைக்குப் பச்சையாக, நுரை நுரையாகப் போகலாம். வயிறு உப்பும், காற்று பிரியும், முறுக்கிக்கொண்டு அழும். நீங்கள் உடனே மாந்தம் என்பீர்கள். உரைமருந்துக் கல் வெளியே வரும். உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டத் தோன்றும். மருத்துவரிடம் போனால் அவர் பால் ஒவ்வாமையோ என்று சந்தேகப்படலாம். பெண் தயிரையும் மோரையும் நிறுத்துவாள். இதற்கெல்லாம் முன்னால் யோசிக்க வேண்டிய ஒன்றை, பிரிட்டனின் மைக்கேல் வூல்ரிட்ஜும் க்ளோயி ஃபிஷரும் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு மார்பைக் குழந்தை முழுதாகக் குடித்து முடிக்கும் முன்பே அடுத்த மார்புக்கு மாற்றுவதால் இந்தத் தொல்லைகள் வரக்கூடும் என்பது அவர்கள் சொன்னது. நிறைந்த மார்பில் முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. குடிக்கக் குடிக்கக் கொழுப்பு ஏறும். இரண்டு பக்கமும் முதற்பாலையே நிறையக் குடித்துவிட்டால், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை குடலில் வேகமாக ஓடி, முழுதும் செரிக்காமல் புளித்து, காற்றும் நுரையும் ஆகிறது. இதற்கு உரைமருந்தில் வழியில்லை. உருட்டுவதிலும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்தும் தவிர வேறெதுவும் வாய்க்குள் போக வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம்.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. கக்குவதைப் பார்த்து மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; இங்கே வீட்டுக்குள் புகையுணரும் கருவி இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. இதில் முக்கால்வாசி உங்கள் கையில் இருக்கிறது.

முதலாவது, அவள் உட்காரும் விதம். காலை நீட்டி, மடியில் குழந்தையைப் போட்டு, அதன்மேல் குனிந்து கொடுப்பது நமக்குப் பழக்கம். அதில் பால் நேரே தொண்டைக்குள் விழுகிறது. மாற்றிப் பாருங்கள்: சோபாவில் நன்றாகப் பின்னால் சாயச் சொல்லுங்கள், இடுப்புக்கும் கைக்கும் தலையணை கொடுங்கள், குழந்தையை அவள் நெஞ்சின்மேல் வயிற்றோடு வயிறாகக் குப்புறக் கிடத்துங்கள். இப்போது குழந்தையின் வாய் மேலே, மார்பு கீழே. பால் மேல்நோக்கி ஏற வேண்டும். வேகம் அங்கேயே குறையும். அதிகமானது வாயோரமாக வழிந்துவிடும். மருத்துவச்சி சுசான் கோல்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரப்பிய முறை இது. வீட்டில் சாய்வு சோபா இருந்தால் அதற்கு இப்படி ஒரு நல்ல உபயோகம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது. "படுத்துக்கிட்டுக் குடுக்காத, காதுல பால் போயிடும்" என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்து ஒருக்களித்துப் படுத்தால், மிஞ்சிய பால் கன்னத்து வழியாகத் துண்டில் வடியும், தொண்டையில் அடிக்காது. இதில் உங்களுக்குக் காவல் வேலை உண்டு. தாய் தூங்கி விழும் நேரம் அது. சோபாவிலோ கட்டிலிலோ அவள் கண்ணயர்ந்தால் குழந்தையை எடுத்து, அதன் தொட்டிலில் மல்லாக்கப் போடுங்கள். தலையணை, போர்வை எதுவும் தொட்டிலுக்குள் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. சோபாவில் குழந்தையோடு தூங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று சொல்கிறது.

மூன்றாவது, முதல் பீய்ச்சல். குழந்தை சப்பத் தொடங்கி, பால் பாய்ந்து வரும்போது, விரலை வாயோரத்தில் விட்டுக் குழந்தையை எடுத்துவிட்டு, அந்த வேகத்தை ஒரு துண்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பீய்ச்சல் சொட்டாக மாறியதும் திரும்ப வைக்கலாம். வேட்டித்துணி இதற்குத்தான். அந்த நேரத்தில் பம்ப் வேண்டாம். பம்ப் வேகத்தை மட்டும் எடுக்காது, நாளைக்கு இன்னும் ஊறச் சொல்லியும் உத்தரவு போடும்.

நான்காவது, நேரம். பசியில் அலறும் குழந்தை இழுத்துச் சப்பும், பாலும் இன்னும் வேகமாகப் பாயும். கையைச் சப்பும்போதே, தலையைத் திருப்பி வாயால் தேடும்போதே எடுத்துக் கொடுக்கலாம். அரைத் தூக்கத்தில் குடிக்கும் குழந்தை மெதுவாகக் குடிக்கும். நடுவில் நிறுத்தித் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஐந்தாவது, ஒரு வேளைக்கு ஒரு பக்கம். ஒரு மார்பை அது தானாக விடும்வரை குடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டால் அதே மார்பையே கொடுக்கலாம். மறு பக்கம் கனத்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிட வேண்டும். இதையே நீட்டித்து, மூன்று மணி நேரம் போல ஒரே பக்கமும் அடுத்த மூன்று மணி நேரம் மறு பக்கமும் என்று கொடுக்கும் முறையும் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் இது பலனளித்த தாய்மார்களைப் பற்றி 2007-இல் எழுதினார். 2020-இல் தாய்ப்பால் மருத்துவக் கழகம் அளவுமீறிய பாலுக்காகத் தனி வழிகாட்டியே வெளியிட்டு இதையும் அதில் சேர்த்தது. ஆனால் இதை வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். குழந்தை பிறந்த முதல் மாதத்தில் செய்தால், அல்லது பால் உண்மையில் அதிகமில்லாத பெண் செய்தால், உள்ளதும் வற்றிவிடும். லாக்டேஷன் கன்சல்டன்ட் என்று இங்கே தனிப் படிப்பு படித்து, தேர்வெழுதி வந்தவர்கள் இருக்கிறார்கள். பல காப்பீடுகள் அவர்களுக்கும் பணம் கொடுக்கின்றன. குழந்தை குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, எத்தனை கிராம் உள்ளே போனது என்று கண்முன்னே காட்டுவார்கள். "நம்ம காலத்துல இதுக்கெல்லாம் ஆள் வெச்சோமா" என்று கேட்காமல் கூடவே போங்கள்.

பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் உங்கள் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றக் கேட்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, கட்டியை அழுத்தி உருவிக் கரைப்பதுதான் நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்வரை இங்கும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். 2022-இல் அதே மருத்துவக் கழகம் மார்பக அழற்சிக்கான வழிகாட்டியைத் திருத்தியது: அழுத்தி உருவ வேண்டாம், அது வீக்கத்தைக் கூட்டும், வலுக்கட்டாயமாகப் பம்ப் வைத்துக் காலி செய்ய வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத் தரலாம், குழந்தை வழக்கம்போல் குடிக்கட்டும். பச்சை உடம்பில் ஐஸா என்று உங்களுக்குப் பதறும். கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும்தான், கொஞ்ச நேரம்தான். குளிர்காய்ச்சல் வந்தாலோ மார்பு சிவந்து எரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அதிகப் பால் நம் ஊருக்குப் புதிதில்லை. பால் வேண்டாத நிலையில் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டும் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பாலை நிறுத்தக் கொடுக்கப்பட்டுவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு 60 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து 1988-இல் வெளியிட்டார்கள். பாலை நிறுத்துவதில் மல்லிகை மாத்திரைக்குச் சளைக்கவில்லை. ஆக, நம் பாட்டிகளுக்குப் பாலைப் பெருக்கவும் வழி தெரியும், நிறுத்தவும் வழி தெரியும். ஆனால் குழந்தை குடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் மல்லிகையைக் கட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது நிறுத்துவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், குழந்தையின் அளவுக்குப் பால் வந்து நிற்கும்வரை பொறுத்திருப்பது.

பொறுத்திருந்தும் ஃப்ரீஸர் நிறைந்துவிட்டால், கால் படாத இடத்தில் ஊற்றச் சொல்லும் முன் ஒன்று கேளுங்கள். சான் ஹோசேயில் 1974 முதல் ஒரு தாய்ப்பால் வங்கி இருக்கிறது. டெக்ஸஸில் ஆஸ்டினிலும் ஃபோர்ட் வொர்த்திலும் இருக்கின்றன. நம் நாட்டில் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி. கொடுக்கும் தாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, குறைமாதத்தில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளுக்குத் தருகிறார்கள். டெக்ஸஸைச் சேர்ந்த அலிஸ் ஓகில்ட்ரீ என்ற பெண் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் வங்கிக்கு 2023 ஜூலை வரை 2,645.58 லிட்டர் கொடுத்து கின்னஸ் சாதனை படைத்திருக்கிறார். உங்கள் பெண் சாதனைக்காகப் பம்ப் வைக்க வேண்டாம். இருப்பதைக் கொடுத்தால் போதும்.

எல்லாப் புரையேற்றமும் வேகமான பாலால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புட்டியில் மெதுவாகக் கொடுத்தாலும் மூச்சுத் திணறினால், உதடு நீலமாகினால், மூச்சில் கீச்சென்ற ஒலி கேட்டால், எடை ஏறவில்லை என்றால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், இந்த மடலை மடித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். மூச்சு சம்பந்தப்பட்டதென்றால் 911. உண்மையிலேயே பால் குறைவாக இருக்கும் தாய்மார்களும் உண்டு. அதையும் தராசுதான் சொல்லும். அப்போது ஃபார்முலா கொடுப்பது குற்றமில்லை.

தராசு சொல்லாதபோது நாம் சொல்லிவிடுகிறோமே, அதன் பாரம் பெரிது. தையல் ஆறாத, தூக்கமில்லாத பெண்ணின் காதில் "பத்தலை" என்ற சொல், தாயாக அவள் போதவில்லை என்றுதான் விழும். மாமியார் வாயிலிருந்து வந்தால் இன்னும் ஆழமாக விழும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர்கள் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூ ஜெர்சி. அந்தச் சோர்வோடு போராடியதை வெளிப்படையாகப் பேசிய, முன்னாள் ஆளுநரின் மனைவி மேரி ஜோ கோடியின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. ஓர் ஆளுநரின் குடும்பத்திலேயே நடந்தது நம் வீட்டு இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் நடக்காதா? அவள் காரணமின்றி அழுதால், சாப்பிடாவிட்டால், குழந்தையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், "நாங்கல்லாம் பெத்துக்கலையா" என்று கேட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். குழந்தை மார்பில் அழும்போது, சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு எத்தனை டயப்பர் நனைந்தது? போன முறை எடை எவ்வளவு? அழுவதற்கு முன் மடக் மடக்கென்று விழுங்கியதா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், "உனக்குப் பால் நிறைய இருக்கு, கொஞ்சம் சாஞ்சுக்கோ" என்று சொல்லுங்கள். பத்து வலைத்தளம் படித்தும் அடங்காத பயம் அந்த ஒரு வரியில் அடங்கும், ஏனென்றால் அதைச் சொல்வது நீங்கள்.

உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ அடுத்து இந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். என்ன மருந்து எடுத்துப் போகலாம் என்று அவர் உங்களைக் கேட்பார். பட்டியலைச் சொல்லும்போது இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் மகள்களில் ஒருத்தி